எதை அளக்கிறோம், எதை அளந்ததாகச் சொல்கிறோம்?

(கணினிப் பணியாளரின் உடல்சிரமத்தை அளப்பது குறித்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது, தோள்பட்டை கனக்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது. இது ஊரறிந்த சங்கதி. இதைச் சொல்ல ஒரு கூட்டம் கூட்ட வேண்டியதில்லை. நான் பேச எடுத்துக்கொண்டது அதற்கு அடுத்த கேள்வியை. இந்தச் சிரமத்தை எப்படி அளப்பது? இவர்களில் யாருக்கு நீடித்த பாதிப்பு வரக்கூடும் என்று எதை வைத்துச் சொல்வது? கருவிகளுக்குப் பஞ்சமில்லை. மேசை நாற்காலியைப் பார்த்து மதிப்பெண் போடும் படிவங்கள் உண்டு. விசைகளை எத்தனை முறை தட்டினோம் என்று எண்ணும் மென்பொருள் உண்டு. தசையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்யும் கருவி உண்டு. நரம்பின் வேகத்தைக் கணக்கிடும் சோதனை உண்டு. எங்கே வலிக்கிறது என்று கேட்கும் வினாத்தாள் உண்டு. இத்தனை இருந்தும், ஒரே பணியாளரை ஐந்து வழியில் அளந்தால் ஒன்றோடொன்று பொருந்தாத ஐந்து விடைகள் வரலாம். காரணம், ஐந்தும் வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன. அளந்து முடித்தபின் நாம்தான் எல்லாவற்றுக்கும் ‘ஆபத்து’ என்று ஒரே பெயர் சூட்டிவிடுகிறோம். அந்தக் குழப்பம் தீராதவரை எத்தனை கருவி வாங்கினாலும் பணியாளருக்குப் பயனில்லை என்பதே இன்றைய என் வாதம்.

மூன்று பொருள்களைப் பிரித்துக்கொள்வோம். வேலை உடம்பின்மேல் ஏற்றுவது சுமை. கழுத்து எத்தனை பாகை குனிந்திருக்கிறது, விரல் எத்தனை முறை விசையை அழுத்துகிறது, மவுஸைப் பிடித்த கை எவ்வளவு நேரம் அப்படியே நிற்கிறது என்பவையெல்லாம் சுமையின் கணக்கு. அந்தச் சுமைக்கு உடம்பு சொல்லும் பதில் சிரமம். சாயங்காலத்துக்குள் கழுத்து இறுகும், கை கனக்கும். இரவு தூங்கி எழுந்தால் தீர்ந்துவிடும். தூங்கி எழுந்தும் தீராமல், வாரக்கணக்கில் தங்கி, வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கவும் தலை பின்னவும் விடாமல் தடுப்பது பாதிப்பு. சுமையிலிருந்து சிரமம் வரலாம், சிரமம் முற்றிப் பாதிப்பாகலாம். ஆகியே தீரும் என்ற கட்டாயம் இல்லை. ஓய்வு, வயது, முன்பே இருந்த வலி, வேலையின் நெருக்கடி எல்லாம் இடையில் புகுகின்றன. தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தில் 27 கிலோ ஏறுகிறது என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். 2014-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஒருவர் கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு அது. அது சொல்வது சுமையை மட்டும். எந்த மனிதருடைய கழுத்துப் பாதிப்பையும் அது அளக்கவில்லை. ஆனால் படத்தைப் பகிர்கிறவர்கள் அதைப் பாதிப்பின் அளவாகவே எடுத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். அலுவலக மதிப்பீடுகளிலும் இதே தவறுதான் கொஞ்சம் நாகரிகமாக நடக்கிறது.

தொழில்மருத்துவத் துறையின் முன்னோடி என்று சொல்லத்தக்க பெர்னார்டினோ ரமட்சினி இவ்வளவு அவசரப்படவில்லை. தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவருடைய நூல் இத்தாலியின் மோடெனாவில் 1700-இல் வெளிவந்தது. 1713-இல் அதை விரித்து எழுதியபோது, எழுத்தர்களுக்கென்று ஒரு பகுதியும் சேர்த்தார். எழுத்தரை வருத்துபவை மூன்று என்றார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே போக்கில் திரும்பத் திரும்ப அசைப்பது, பிழை விழுந்துவிடக் கூடாதே என்று மனத்தை இறுக்கிப் பிடித்திருப்பது. இருநூறு ஆண்டுகள் கழித்து, தந்தி அடிப்பவர்களுக்கு வரும் கைப்பிடிப்பை 1908-இல் பிரிட்டன் இழப்பீடு பெறத்தக்க தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதை ஆராய்ந்த அரசுக் குழு 1911-இல், திரும்பத் திரும்ப வரும் தசைச்சோர்வும் நரம்புத் தளர்ச்சியும் சேர்ந்தே அந்த நோயை உண்டாக்குகின்றன என்று முடிவு சொன்னது. ரமட்சினியின் முதல் இரண்டு காரணங்கள் கண்ணுக்குத் தெரிபவை. நாற்காலியை அளக்கலாம், கையசைவை எண்ணலாம். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது. அளவைக்கலை வளர வளர, எண்ணக்கூடிய இரண்டையும் எடுத்துக்கொண்டு எண்ண முடியாத மூன்றாவதை மருத்துவருடைய அனுதாபத்துக்கு விட்டுவிட்டது.

அதற்குரிய தண்டனை 1980-களில் ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. அங்கே கை, தோள் வலிப் புகார்கள் அலையாக எழுந்தன. டெலிகாம் ஆஸ்திரேலியா நிறுவனத்தில் மட்டும் 1981 முதல் 1985 வரை ஏறத்தாழ 4,000 புகார்கள் பதிவாயின. அந்த நிறுவனத்தின் மருத்துவர் புரூஸ் ஹாக்கிங் 1987-இல் இவற்றைப் பணிவாரியாகப் பிரித்து வெளியிட்டார். அதிகம் தட்டுகிறவருக்கு அதிக வலி என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பு. கணக்கோ தலைகீழாக வந்தது. நாள் முழுக்க வேகமாக விசை தட்டும் தந்திப் பணியாளரிடம் ஆயிரத்துக்கு 34 புகார்கள், எழுத்தர்களிடம் 284, மிகக் குறைவாகத் தட்டும் தொலைபேசி இணைப்பாளரிடம் 343. உடனே இரண்டு கட்சிகள் கிளம்பின. தட்டுவதற்கும் வலிக்கும் தொடர்பே இல்லை, ஆகவே இது கூட்டு மனமயக்கம் என்றது ஒன்று. இத்தனை பேர் கை பழுதாகிவிட்டது, இயந்திரம்தான் குற்றவாளி என்றது மற்றொன்று. இரண்டு கட்சியும் ஒரே பிழையைத்தான் செய்தன. ஒரு கையில் தட்டல் எண்ணிக்கை என்ற சுமையை வைத்துக்கொண்டார்கள். மறுகையில் புகார் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அதைப் பாதிப்பு என்று அழைத்தார்கள். நடுவில் இருக்கும் சிரமத்தை யாரும் அளக்கவில்லை. வேலையின் வேகத்தை யார் தீர்மானிக்கிறார், எழுந்து போக யாருக்கு உரிமை இருக்கிறது, கை தாங்காதவர்கள் தந்திப் பிரிவை விட்டு முன்பே விலகிவிட்டார்களா என்ற கேள்விகளுக்கு அந்த இரண்டு எண்களில் இடமே இல்லை.

இன்று அலுவலகங்களில் அதிகம் புழங்கும் படிவங்களுக்கு வருவோம். ரூலா என்ற படிவத்தை நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மக்அட்டம்னியும் கார்லெட்டும் 1993-இல் வெளியிட்டார்கள். அதை நிரப்புகிறவர் என்ன செய்கிறார் என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். பணியாளருக்குப் பக்கவாட்டில் நின்று ஒரு கணத்தைத் தேர்ந்தெடுக்கிறார். மேல்கை உடம்பை ஒட்டி 20 பாகைக்குள் இருந்தால் 1; 45 வரை முன்னே நீண்டால் 2. மணிக்கட்டு நேராக இருந்தால் 1. 15 பாகைக்கு மேல் வளைந்தால் 3. கழுத்து 10 பாகைக்குள் குனிந்திருந்தால் 1, 20-ஐத் தாண்டினால் 3, அண்ணாந்திருந்தால் 4. ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் ஒன்று கூடும். எல்லாவற்றையும் அட்டவணையில் பொருத்தினால் கடைசியில் 1 முதல் 7 வரை ஓர் எண் வரும்; 7 வந்தால் உடனே மாற்றம் வேண்டும் என்று பொருள். 2012-இல் கனடாவிலிருந்து அலுவலகங்களுக்கென்றே வந்த ரோசா படிவம் நாற்காலி, திரை, தொலைபேசி, மவுஸ், விசைப்பலகை ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து 10-க்கு மதிப்பெண் போடுகிறது. நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் புழங்கினால் ஒரு புள்ளி கூட்டவும் செய்கிறது. இரண்டும் நல்ல படிவங்கள். பேனாவும் தாளும் போதும், அரை மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் அவை தருவது சுமையின் வரிசை எண். 6 வாங்கியவருக்கு 3 வாங்கியவரைப் போல இரண்டு மடங்கு ஆபத்து என்று அதற்குப் பொருளில்லை. பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றாலே மனிதர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள் என்பதும் தெரிந்ததே. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் இரவில் யாரும் படிவத்தை எடுத்துக்கொண்டு வருவதில்லை.

இந்தப் படிவங்களுக்குப் பின்னால், சரியான அமர்வு என்று ஒன்று உண்டு, அதிலிருந்து விலகினால் ஆபத்து என்ற நம்பிக்கை இருக்கிறது. சான்றுகள் அதை அரைகுறையாகத்தான் ஆதரிக்கின்றன. 1999-இல் ஜெர்மனியில் வில்கேயும் சகாக்களும் ஒரு தன்னார்வலரின் முதுகெலும்பு வட்டுக்குள் உணரியை வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல்; சாயாமல் தளர்வாக உட்காரும்போது 0.46, நாற்காலியில் சரிந்து சாய்ந்து கிடக்கும்போது 0.27 மட்டுமே. ஒரே ஒருவரிடம் அளந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும், சரிந்து உட்கார்ந்தால் வட்டு நசுங்கும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் யோசிக்க வேண்டிய எண் இது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த 632 கணினிப் பணியாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கழுத்திலோ தோளிலோ கையிலோ தொந்தரவு வந்தது. முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கு என்பது பாடப்புத்தக அறிவுரை. இந்த ஆய்விலோ முழங்கையை 121 பாகைக்கு மேல் விரித்து வைத்தவர்களுக்குத்தான் கழுத்து, தோள் தொந்தரவு குறைவு. அதே ஆய்வாளர்கள் 2005-இல் ஒரு படி மேலே போய், 376 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பாடப்புத்தக அமர்வு, ஒன்றுக்குத் தங்கள் ஆய்வு காட்டிய மாற்று அமர்வு, ஒன்றுக்கு எதுவும் இல்லை. மூன்று குழுவிலும் வலி ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்தது. அமர்வைத் திருத்துவது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்கிறவருக்கு ஹெட்செட் கொடுக்கத்தான் வேண்டும். கோணத்தைத் திருத்தினோம், ஆகவே ஆபத்தை நீக்கிவிட்டோம் என்று அறிக்கை எழுதுவதுதான் தவறு.

கோணம் கைகொடுக்கவில்லை என்றால் நேரத்தை எண்ணலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். நெதர்லாந்தில் 1,951 அலுவலகப் பணியாளர்களின் கணினிகளில் மென்பொருள் நிறுவி இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று அவர்களிடமும் தனியாகக் கேட்டார்கள். 2011-இல் முடிவு வந்தது. அதிக நேரம் வேலை செய்ததாகத் தாமே சொன்னவர்களுக்குக் கை வலியும் கழுத்து வலியும் அதிகம் வந்தன. மென்பொருள் பதிவு செய்த நேரத்துக்கும் வலிக்கும் தொடர்பு காணப்படவில்லை. டென்மார்க்கில் 2,146 தொழில்நுட்பப் பணியாளர்களிடம் இதேபோல் பதிவு செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. மவுஸ் அதிகம் புழங்கிய வாரத்தில் கழுத்தும் தோளும் வலித்தன. ஆனால் நீடித்த வலி யாருக்கு வரும் என்பதை மவுஸ் நேரம் சொல்லவில்லை. நான் முதலில் பிரித்த மூன்று பொருளும் இந்த ஓர் ஆய்வில் கண்ணெதிரே பிரிந்து நிற்கின்றன. மவுஸ் நேரம் சுமை. அந்த வாரத்து வலி சிரமம். சுமை அதை முன்னறிவித்தது. நீடித்த வலி பாதிப்பு. அதைச் சுமை மட்டும் முன்னறிவிக்கவில்லை.

இந்த இடத்தில் முதல் மறுப்பு எழும். நேரத்துக்கும் வலிக்கும் தொடர்பில்லை என்றால், கணினியால் கேடு எதுவும் இல்லை, எல்லாம் மனக்கற்பனை என்றுதானே ஆகிறது என்பார்கள். ஆகாது. ஒரே அலுவலகத்தில் எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரம் வேலை செய்யும்போது, நேரத்தை வைத்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்க முடியாது. வலி வந்தவர் கையைச் சிக்கனமாகப் புழங்கத் தொடங்குவார். தாங்காதவர் வேலையை விட்டே போவார். இருவரும் மென்பொருளின் கணக்கைக் கலைத்துவிடுகிறார்கள். இவற்றைவிட முக்கியமானது, மென்பொருள் எதை எண்ணுகிறது என்பது. விசை அழுந்தினால், மவுஸ் நகர்ந்தால்தான் அதற்குத் தெரியும். தோளைத் தூக்கி, மூச்சை அடக்கி, பதில் என்ன வருமோ என்று திரையைப் பார்த்தபடி அசையாமல் இருக்கும் ஐந்து நிமிடம் அதன் கணக்கில் ஓய்வு.

உடம்பின் கணக்கில் அது ஓய்வு இல்லை என்பதைத் தசை மின்பதிவு காட்டுகிறது. கழுத்திலிருந்து தோள் வரை விரிந்துகிடக்கும் ட்ரப்பீசியஸ் தசையின்மேல் தோலில் மின்முனைகளை ஒட்டினால், கணினி வேலையில் அது தன் முழு வலிமையில் மிகச் சிறிய பங்கைத்தான் செலவழிக்கிறது என்று தெரியும். இவ்வளவு சிறிய சுமையால் என்ன கெடும்? ஸ்வீடன் ஆய்வாளர் ஹெக் 1991-இல் ஒரு விளக்கம் முன்வைத்தார். தசை இழைகள் எல்லாம் முறைபோட்டு வேலை செய்வதில்லை. சின்னச் சுமைக்கு முதலில் எழும் சில இழைகள், சுமை முற்றிலும் இறங்கும்வரை படுப்பதில்லை. கூட்டுக்குடும்பத்தில் விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் பின் படுக்கும் மருமகளைப் போல. மொத்தத் தசையும் சோம்பிக்கிடக்க, அந்த இழைகள் மட்டும் நாளெல்லாம் உழைக்கின்றன. சிண்ட்ரெல்லா கருதுகோள் என்று இதற்குப் பெயர். அப்படியானால் சுமையின் உயரத்தைவிட, சுமை பூச்சியத்துக்கு இறங்கும் கணங்கள் எத்தனை என்பதே அளக்க வேண்டியது. நார்வேயில் பொட்டலம் கட்டும் தொழிலாளரிடம் நடந்த ஆய்வில், மின்பதிவில் இத்தகைய இடைவெளிகள் குறைவாக இருந்தவர்களே பின்னால் கழுத்து வலிக்கு ஆளானார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே குரலில் உறுதிசெய்யவில்லை. ஆனால் கை அசையாதபோதும், கவனம் குவிந்தாலே இந்தத் தசை இறுகுகிறது என்பது ஆய்வகத்தில் மீண்டும் மீண்டும் கண்ட உண்மை. ரமட்சினி சொன்ன மூன்றாவது காரணம் இங்கே மின்பதிவுத் தாளில் கோடாகத் தெரிகிறது. மனம் என்றும் தசை என்றும் பிரித்துக்கொண்டு வழக்காடிய இரண்டு கட்சிக்கும் இதில் பதில் இருக்கிறது.

மனத்தின் இந்தப் பங்கு ஆய்வகத்துக்கு வெளியிலும் தெரிந்தது. அமெரிக்காவின் தேசியத் தொழில்சுகாதார ஆய்வு நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் யு.எஸ். வெஸ்ட் என்ற தொலைபேசி நிறுவனத்தில் 533 பணியாளர்களைப் பரிசோதித்தது. 22 சதவீதம் பேருக்குக் கழுத்திலோ கையிலோ தொந்தரவு இருந்தது. அதோடு தொடர்புடையவை என்று வெளிப்பட்டவற்றில் கணினி தன் இடத்தைப் பிடித்துவிடும் என்ற அச்சம், கூடிக்கொண்டே போகும் வேலை நெருக்கடி, திடீரென்று குவியும் வேலை ஆகியவை இருந்தன. செயற்கை நுண்ணறிவு தம் இடத்தைப் பிடித்துவிடுமோ என்று இன்று கலங்குகிறவர்களின் தோள்பட்டையை அளக்கப்போகிறவர்கள் இந்தப் பழைய ஆய்வை ஒருமுறை படித்துவிட்டுப் போவது நல்லது.

சரி, நரம்பையே சோதித்துவிடலாமே, அது பொய் சொல்லாதே என்பது இரண்டாவது மறுப்பு. மணிக்கட்டில் எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே உள்ள கார்பல் டனல் என்ற குறுகிய வழியில் நடு நரம்பு ஓடுகிறது. மவுஸால் இழுத்து நகர்த்தும்போது அந்த வழிக்குள் அழுத்தம் சுமார் 29 முதல் 33 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறுவதை 1999-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் அளந்தார்கள். 30-ஐ ஒட்டிய அழுத்தம் நீடித்தால் நரம்பின் வேலை கெடலாம் என்பது முன்பே தெரிந்தது. சுமை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பாதிப்பும் குவிந்திருக்க வேண்டுமே! 2001-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை, கணினியை அதிகம் புழங்கும் தன் பணியாளர்களையே சோதித்தது. அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் 10.5 சதவீதம் பேருக்கு, அந்த வழியில் நடு நரம்பு நசுங்கும் கார்பல் டனல் நோய். நரம்புச் சோதனையும் சேர்ந்து உறுதி செய்தது 3.5 சதவீதம். பொது மக்களிடம் காணப்படும் அளவுதான் அது. மறுபக்கம், 1999-இல் ஸ்வீடனில் எந்த அறிகுறியும் இல்லாதவர்களின் நரம்பைச் சோதித்தபோது சுமார் 18 சதவீதம் பேருக்குக் கோளாறு இருப்பதாகக் கருவி சொன்னது. நரம்புச் சோதனை விரல் மரத்துப்போவது எந்த நரம்பால் என்று கண்டுபிடிக்க உதவும். யாருக்கு நோய் என்று கருவி மட்டும் தீர்மானிக்க முடியாது.

அப்படியானால் பணியாளரின் வாய்ச்சொல்லை நம்பச் சொல்கிறீர்களா, அவர் மிகைப்படுத்த மாட்டாரா என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு விடை, எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. எத்தனை மணி நேரம் மவுஸ் பிடித்தீர்கள் என்று கேட்டால் மக்கள் கூட்டித்தான் சொல்கிறார்கள். மென்பொருள் பதிவோடு ஒப்பிட்ட ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. வலி உள்ளவருக்கு நேரம் நீளமாகத் தோன்றுவதும் இயல்பு. நெதர்லாந்து முடிவில் பணியாளர் சொன்ன நேரம் வலியோடு பொருந்தியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே நேரத்தை அவரிடம் கேட்காதீர்கள். அது கடிகாரத்துக்குத் தெரியும். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, எந்த வேலையை அது தடுக்கிறது என்று கேளுங்கள். அதைச் சொல்ல அவரைவிட நல்ல கருவி உலகத்தில் இல்லை. 1987-இல் வந்த நார்டிக் வினாத்தாள் உடம்பை ஒன்பது பகுதியாகப் பிரித்து, கடந்த 12 மாதத்தில் தொந்தரவு உண்டா, கடந்த 7 நாளில் உண்டா, அதனால் வேலை தடைப்பட்டதா என்று கேட்கிறது. ஆய்வு ஆய்வாக உறுதிப்பட்ட ஒரு செய்தி உண்டென்றால் அது இதுதான்: நாளைய வலியை முன்னறிவிப்பதில் முன்பே வந்துபோன வலிக்கு இணையான குறியீடு வேறு இல்லை. சிலர் கூட்டிச் சொல்வார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வேலை போய்விடுமோ என்று மறைப்பவர்கள் அதைவிட அதிகம் இருக்கலாம். பெயர் வெளிவராத முறையில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு பிரிவு முழுவதையும் சேர்த்துக் கேட்டால், தனி ஒருவரின் மிகையும் மறைப்பும் அந்த மொத்தத்தைப் பெரிதாக மாற்றாது.

நான்காவது மறுப்பு, கேட்டுக்கொண்டிருப்பதைவிட எல்லாக் கணினியிலும் பதிவு மென்பொருளைப் போட்டுவிட்டால் தகவல் தானாக வந்து குவியுமே என்பது. ஆய்வுக்காக, ஒப்புதல் வாங்கி, ஆய்வாளர் கையில் மட்டும் இருக்கும் பதிவு வேறு. அதே பதிவு மேலாளரின் திரையில் ஓடத் தொடங்கினால், யார் எத்தனை நிமிடம் சும்மா இருந்தார் என்ற கணக்காக அது மாறிவிடும். தோளைத் தளர்த்தி எடுத்துக்கொள்ளும் இரண்டு நிமிட ஓய்வு அங்கே சிவப்புக் குறியாகத் தெரியும். பிறகு எந்தப் பணியாளரும் கையை மவுஸிலிருந்து எடுக்க மாட்டார். சிரமத்தை அளக்க வந்த கருவியே அச்சத்தையும் நெருக்கடியையும் கூட்டி, சுமையின்மேல் இன்னொரு சுமையாக உட்கார்ந்துகொள்ளும்.

கடைசி மறுப்பு செலவு. விலை உயர்ந்த நாற்காலிக்கும் மேசைக்கும் ஒரே தவணையில் பணம் ஒதுக்கத் தயங்காத நிர்வாகம், ஓய்வு என்றதும் உற்பத்தி குறையும் என்று கணக்குப் பார்க்கிறது. அமெரிக்க வருமான வரித் துறையின் தரவுப் பதிவாளர்களிடம் நடந்து 2000-இல் வெளிவந்த சோதனையில், வழக்கமான இடைவேளைகளோடு, இடைவேளை விழாத ஒவ்வொரு மணியிலும் ஐந்து நிமிடமாக நாளில் மொத்தம் 20 நிமிடம் கூடுதல் ஓய்வு கொடுத்தார்கள். உடல்சிரமமும் கண்சிரமமும் குறைந்தன. பதிவு செய்த வேலையின் அளவு குறையவில்லை. சட்டம் இந்தப் பக்கம் திரும்பாமலும் இல்லை. 1990-இல் வந்த ஐரோப்பிய ஆணை, திரை முன் வேலை செய்பவர்களுக்கு அவ்வப்போது இடைவேளையோ வேலை மாற்றமோ தருவதை முதலாளியின் கடமையாக்கியது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 29 தொழில்நோய்களை அறிவிக்கச் சொன்னது; ஈய நச்சு முதல் பஞ்சுத்தூசி நோய் வரை இருந்த அந்தப் பட்டியலில் தசை, மூட்டு, நரம்புச் சிரமம் ஒன்றுகூட இருக்கவில்லை. 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டம் திருத்தி, நாள் முழுக்க நிற்கும் கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்தது. கணினிப் பணியாளர்களுக்குத் தேவை அதன் மறுபாதி: எழுந்திருக்கும் உரிமை.

இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் செய்ய வேண்டியது சிக்கலானதாக இல்லை. முதலில் எல்லோரையும் கேளுங்கள்: ஒன்பது பகுதி, இரண்டு மூன்று கேள்வி, பெயர் வேண்டாம். எந்தப் பிரிவில் வலி கூடுகிறதோ அங்கே படிவத்தை எடுத்துச் செல்லுங்கள். ஒரு கணத்தை மட்டும் பார்க்காமல், நெருக்கடி நாளிலும் சாதாரண நாளிலும் பாருங்கள். கோணத்தோடு சேர்த்து, வேகத்தை யார் வைக்கிறார்கள், கேட்காமல் எழுந்து போக முடியுமா என்பதையும் எழுதுங்கள். மின்பதிவையும் நரம்புச் சோதனையையும் குறிப்பிட்ட சந்தேகம் உள்ள சிலருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதையாவது மாற்றினால், மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை அதே பிரிவிடம் மறுபடி கேளுங்கள். நிறுவன அறிக்கையில் ‘ஆபத்து மதிப்பெண்’ என்று ஓர் எண்ணைக் கண்டால், இது சுமையா, சிரமமா, பாதிப்பா, யாரிடம், எப்போது, எத்தனை முறை அளந்தது என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பணியாளருக்கும் தொழிற்சங்கத்துக்கும் உண்டு. அந்தக் கேள்விக்கு விடை இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். அளப்பதற்குச் செலவிடும் பணத்தில் பாதியையாவது அளந்தபின் மாற்றுவதற்கு ஒதுக்காத நிறுவனத்திடம், ஏன் அளந்தீர்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.